மந்தைச் சுவரில் ஒரு ‘கா’

தனியாக இருப்பவனுக்குக் கறிச்சோறு போட்டுவிட்டால் அவனுக்குக் காது கேட்காது. கண் தெரியும், மூக்கு வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்யும், காது மட்டும் அடைத்துக்கொள்ளும். வைத்தியத்தில் இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இந்த நோய் எழுபதுகளின் கடைசியில், டி. கல்லுப்பட்டியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போகவேண்டிய ஓர் ஊரில் வந்தது. வந்தது சும்மா போகவில்லை. ஊரின் கதவு ஜன்னல்களையெல்லாம் கழற்ற வைத்துவிட்டுத்தான் போனது.

ஊரின் உண்மையான பெயரைச் சொல்வதற்கில்லை. (அங்கே சிலருக்கு ஞாபகசக்தி அதிகம்.) மேலமந்தை என்று வைத்துக்கொள்வோம்.

அப்போது நான் மதுரையில் ஒரு சர்க்கார் ஆபீசில் திட்ட உதவியாளன். மெட்ராஸில் ஊரமைப்புப் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் படிப்பு எதற்கு என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. “ஊருதான் ஏற்கெனவே இருக்கே, இவன் என்னத்த அமைக்கப் போறான்?” என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்பார். நான் அவருக்கு விளக்குவதில்லை. அறியாதவர்கள் மேல் இரக்கம் காட்டும் வயது எனக்கு.

மேலமந்தையின் நடுவில், பெயருக்கு ஏற்றாற்போல், ஒரு மந்தை. மந்தை என்றால் ஊர்ப் பொது இடம். பஞ்சாயத்து, திருவிழா, வம்பளப்பு எல்லாம் நடக்கிற திடல். ஒரு பக்கம் நாயக்கர் காலத்துக் கல் சாவடி. எதிரே படிக்கட்டு வைத்த கிணறு. சுற்றிலும் கருங்கல் தூணும் கனத்த மரக்கதவுமாகப் பழைய வீடுகள். எல்லாம் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் பஸ் ரோடு ஊருக்கு வெளியே போட்டுவிட்டார்கள். டீக்கடை ரோட்டுக்குப் போனது. அதன் பின்னால் சலூன் போனது, சைக்கிள் கடை போனது, வம்பளப்பும் போனது. மந்தையில் மிச்சம் இருந்தவை ஆடுகளும் வெயிலும்தான்.

எங்கள் துணை இயக்குநர் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஜீப் பஞ்சராகி அந்த மந்தையைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் மயங்கிவிட்டார். உடனே ஒரு ஃபைல் பிறந்தது: ‘ஊர் நடுவின் பாதுகாப்பும் புத்துயிரும்’. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டும், ஓடிப்போன ஜனங்களை மறுபடி மந்தைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அங்கேயே தங்கி அளந்து, வரைந்து, திட்டம் போட ஓர் ஆள் வேண்டும். ஆபீசில் எல்லாருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருந்தது. எனக்கு இல்லை.

அவர் எனக்குச் சொன்ன கட்டளை இரண்டு. “காப்பாத்த வேண்டிய வீட்டுச் சுவருல ‘ப்ரிசர்வ்’ங்கிறதுக்குச் சின்னதா ‘பி’ன்னு இங்கிலீஷ் எழுத்துப் போடு” என்பது ஒன்று. “திட்டம் ஒப்புதலாகிற வரைக்கும் யார்கிட்டயும் விவரம் சொல்லாத. சொன்னா எங்க வீடும் பழசுன்னு ஆளாளுக்கு வந்து நிப்பான்” என்பது இன்னொன்று.

இரண்டாவதை அப்படியே கடைப்பிடித்தேன். முதலாவதைக் கொஞ்சம் மேம்படுத்தினேன்.

பஸ்ஸில் போகும்போதே யோசனை ஓடியது. நாயக்கர் காலத்துச் சாவடிக்கு முன்னால் இங்கிலீஷ் எழுத்தா? தமிழ் மண்ணில், தமிழன் கட்டிய சுவரில், தமிழன் கையால்? அந்தக் காலத்தில் எனக்கு இப்படி அடிக்கடி உணர்ச்சி வரும். டி. கல்லுப்பட்டியில் பஸ் மாறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். காக்க வேண்டியது என்பதற்கு ‘கா’. சுருக்கம், இனிமை, தமிழ். சின்னதாகப் போடச் சொன்னார். ‘கா’வைச் சின்னதாகப் போட்டால் அழகில்லை என்பதால் ஒரு முழ உயரத்துக்குப் போடுவது என்றும் முடிவு செய்தேன். அங்கேயே இறங்கி ஒரு டப்பா காவி பெயின்டும் பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டேன்.

தங்குவதற்குக் கூட்டுறவு சங்கத்து உரக் கிடங்கின் பின் அறை கிடைத்தது. நான் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக நெருக்கியடிக்கும் வீட்டில் வளர்ந்தவன். குளிக்க வரிசை, சாப்பிட வரிசை, கண்ணாடி பார்க்க வரிசை. வாழ்நாளில் ஒரு தரமாவது தனி அறை வேண்டும் என்று மீனாட்சியிடம் வேண்டியிருக்கிறேன். அவள் கொடுத்தாள். யூரியா வாசத்தோடு கொடுத்தாள்.

தனிமை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்தால் புரியாது. அளவு நாடா வாங்கினால் புரியும். நாடாவுக்கு இரண்டு முனை உண்டு. ஒன்றை நான் பிடித்தேன். இன்னொன்றைப் பிடிக்க ஆள் அனுப்புவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள், அனுப்பவில்லை. மந்தையில் நின்று சுற்றுமுற்றும் பார்ப்பேன். பார்க்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடைசியில் முனையை ஆட்டுக்கயிற்று முளையில் கட்டிவிட்டு அளந்தேன். ஒரு நாள் அவசரத்தில் முளைக்குப் பதில் ஆட்டிலேயே கட்டிவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு அளந்த வடக்குத் தெரு, வரைபடத்தில் பக்கத்து ஊர் எல்லைவரை போய்விட்டது.

சாப்பாடு, பஸ் ஸ்டாப் டீக்கடையில். கடைக்காரன் சோணை, என் வயசுதான் இருக்கும், வாய் மட்டும் என்னைவிட ரொம்ப மூத்தது. அவன் கடையில் எப்போதும் சத்தமும் சிரிப்புமாக இருக்கும். நான் போய் பெஞ்சில் உட்கார்ந்ததும் அடங்கிவிடும். ரேடியோவைக்கூடக் குறைத்துவிடுவான். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து நான் தின்று முடிக்கும்வரை எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எழுந்து நாலு எட்டு வைத்ததும் பின்னால் சிரிப்பு மறுபடி கிளம்பும். நான் இதை மரியாதை என்று நினைத்தேன். (வேறு என்ன நினைப்பது? அறைக்குத் திரும்பிப் போய் நினைத்துப் பார்க்க வேறு நல்ல விஷயம் எதுவும் இல்லை.)

அறையில் ஒரு பல்லி இருந்தது. அதனிடம் அன்றைய அளவுகளைச் சொல்வேன். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைச் சத்தமாகப் படிப்பேன், தொண்டை துருப்பிடித்துவிடக் கூடாதே என்பதற்காக. ‘கொக்கி உபயோகிக்காதீர்’ என்பது பாட்டுப் போல வரும்.

‘கா’ போடத் தொடங்கினேன்.

முதல் ‘கா’ பெரியகருப்பன் வீட்டுக்கு. மந்தையிலேயே அழகான வீடு அது. குறிப்பாக அந்தக் கதவு. ஒற்றை மரத்தில் கிளியும் கொடியும் தாமரையுமாகச் செதுக்கி, நடுவில் பித்தளைக் குமிழ் வரிசை. தொட்டுப் பார்த்தால் கிளியின் மூக்கு கையில் இடறும். மெட்ராஸில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இந்தக் கதவைப் பார்த்திருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து அழுதிருப்பார்கள். திட்டம் வேறெதைக் காப்பாற்றாவிட்டாலும் இந்தக் கதவைக் காப்பாற்றியே தீருவது என்று மனசுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன். கதவுக்கு வலப்பக்கச் சுவரில், தள்ளி நின்று பார்த்துப் பார்த்து, வளைவு குறையாமல் எழுதினேன். அப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மந்தையைச் சுற்றி வந்து முடித்தபோது ஊருக்கே திருஷ்டிப் பொட்டு வைத்தது மாதிரி இருந்தது எனக்கு.

அன்றைக்கு டீக்கடையில் முதல்முதலாக சோணை என்னிடம் பேச்சுக் கொடுத்தான்.

“சார், அந்த எழுத்து என்னத்துக்கு?”

எனக்குச் சந்தோஷத்தில் டீ புரையேறியது. ஆனால் கட்டளை இருக்கிறதே. புன்னகை செய்தேன். கொஞ்சம் மர்மமான புன்னகை. “நேரம் வரும்போது எல்லாருக்கும் தெரியும்” என்றேன்.

கடை மொத்தமும் என்னைப் பார்த்தது. ரோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. அன்று டீக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான் சோணை.

மறுநாள் காலையில் கிடங்கு வாசலில் பெரியகருப்பன் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், தோள் துண்டு கையில் இருந்தது. “தம்பி, மத்தியானம் நம்ம வீட்டுலதேன் சாப்பாடு. கோழி அடிச்சிருக்கு. வெறும் பன்னத் தின்னுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு இருப்பீக?”

அவர் போனபின் பல்லியிடம் சொன்னேன். அதுவும் சந்தோஷப்பட்டது.

அந்தச் சாப்பாட்டை இப்போது எழுதும்போதும் வாய் ஊறுகிறது. மிளகு தூக்கலாக அரைத்துவிட்ட நாட்டுக்கோழிக் குழம்பு. பரிமாறியது அவர் மனைவி ராக்கு அக்கா. இலைக்கு எதிரே பெரியகருப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், சாப்பிடாமல்.

“தம்பி, இது எங்க பாட்டன் கட்டுன வீடு.”

“அதனாலதாண்ணே முதல்ல போட்டேன். எவ்வளவு பழசோ அவ்வளவு எங்களுக்கு முக்கியம்.”

“பழசுன்னா விட மாட்டீகளாக்கும்.”

“ஒரு கல்லைக்கூட விடமாட்டோம்ணே” என்றேன், கோழிக் காலைக் கையில் பிடித்தபடி, சபதம் மாதிரி.

கரண்டி குழம்புச் சட்டியில் நின்றது. “அந்தக் கதவு?” என்றாள் ராக்கு அக்கா.

“கதவா? அதுதான் அக்கா முதல்ல. அதைப் பார்க்க மெட்ராஸ்ல இருந்தே ஆளுங்க வருவாங்க.”

“மெட்ராஸுக்கே கொண்டுபோயிருவாக” என்று அவள் புருஷனிடம் மெல்லச் சொன்னாள். நான் அந்த நேரம் ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். எலும்பு பிரமாதமாக இருந்ததால் பலமாகத் தலையாட்டினேன்.

“இதுக்கு ஒரு வழி பண்ண முடியாதா தம்பி? ஒங்க கையிலதேன இருக்கு.”

“நிச்சயமா பண்ணுவேண்ணே. என்னை நம்புங்க. இந்த வீட்டுக்கு என்ன செய்யணுமோ அதைச் செய்யாம இந்த ஊரைவிட்டுப் போக மாட்டேன்.”

ராக்கு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். “இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க தம்பி” என்றாள். ஊற்றிக்கொண்டேன்.

சாப்பிட்ட கையோடு நன்றி சொல்ல வேண்டாமா? வெளியே வந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறந்து, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த ‘கா’வுக்கு ரெண்டாவது கோட் அடித்தேன். வெயிலில் பளபளவென்று மின்னியது. திரும்பிப் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து நானும் நெகிழ்ந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு அடித்தது யோகம். ‘கா’ போட்ட வீடெல்லாம் முறை வைத்துக் கூப்பிட்டது. ஒரு வீட்டில் கோலா உருண்டை. ஒரு வீட்டில் அயிரை மீன் குழம்பு. அந்த மீனை அலசி எடுக்கவே பாதிப் பகல் ஆகியிருக்கும். எல்லா வீட்டிலும் அதே பேச்சு, நானும் அதே பதிலைச் சொல்வேன். ஒரு கல்லைக்கூட விடமாட்டோம். சாப்பாடு நன்றாக இருந்த வீடுகளுக்கு ரெண்டாவது கோட். எழுத்துப் போடாத வீட்டுக்காரர் ஒருவர் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்து, “எங்க வீட்டுக்கெல்லாம் போட்டுறாதீக சார், நாங்க சாதாரண ஆளுக” என்றார். என்ன அடக்கம் என்று வியந்தேன். அவர் வீட்டையும் பார்த்துப் பரிசீலிப்பதாக வாக்குக் கொடுத்தேன். முருங்கைக்காயை அங்கேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

வீட்டுக்குக் கடிதம் போட்டேன்: ‘இந்த ஊர் ஜனங்களின் அன்பில் திணறிக்கொண்டிருக்கிறேன்.’

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் அந்த நாட்களில் நான் அளவெடுக்கக்கூட மறந்தேன். யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காலையிலேயே தலைசீவிக்கொண்டு வாசலில் நிற்பேன். இலை போட்டு எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவர் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தோன்றவில்லை. உர மூட்டையைப் படித்தவனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

வரைபடம் முடிந்ததும் துணை இயக்குநரை அழைத்துவர மதுரைக்குப் போனேன். இரண்டு நாள் கழித்து அவரோடு ஜீப்பில் திரும்பினேன். வழிநெடுக மேலமந்தை ஜனங்களின் தங்கமான குணத்தை விவரித்துக்கொண்டே வந்தேன்.

ஜீப் மந்தைக்குள் திரும்பியது. அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

மந்தை நிரம்பி வழிந்தது. ஊரே அங்கே இருந்தது. சாவடி முழுக்க ஆள். சோணை ஒரு அடுப்பைக் கொண்டுவந்து கிணற்றோரம் போட்டு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கடலை விற்கிறவள்கூட வந்துவிட்டாள். கிழக்குத் தெருவின் கூலிக்காரக் குடும்பங்கள் மட்டும், என்றைக்கும் சாவடிப் பக்கம் விடப்படாதவர்கள், தள்ளிப் புளியமரத்தடியில் நின்றார்கள். (என் வரைபடத்தில் அந்தச் சாவடியில் ‘அனைவரும் கூடும் இடம்’ என்று அழகாக எழுதியிருந்தேன்.)

“பரவாயில்லையேப்பா” என்றார் துணை இயக்குநர். “புத்துயிர்னு எழுதினோம், நீ வரவே வச்சுட்டியே.”

நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தியபோதுதான் வீடுகளைப் பார்த்தேன்.

கதவுகள் இல்லை. ஜன்னல்கள் இல்லை. ‘கா’ போட்ட வீடெல்லாம் பல் பிடுங்கிய வாய் மாதிரி திறந்து கிடந்தது. ஓடுகளைப் பிரித்து வாசலில் அடுக்கியிருந்தார்கள். உத்தரங்களை இறக்கிக் கொண்டிருந்தார்கள். ஒரு வண்டியில் கருங்கல் தூண் படுத்திருந்தது, மேலே வைக்கோல் போட்டு மூடி. பெரியகருப்பன் வீட்டில் கதவிருந்த இடத்தில் ஒரு கோணிச்சாக்கு தொங்கியது. பக்கத்தில் ரெண்டு கோட் அடித்த என் ‘கா’, அந்த மந்தையிலேயே புத்தம்புதிதாக.

“என்னண்ணே இது?” என்றேன். குரல் பல்லியின் குரல் மாதிரி வந்தது.

பதில் சொன்னது ராக்கு அக்கா. “என்னவா? கவர்மெண்டு வந்து எடுக்கங்குள்ள நாங்களே எடுத்துக்கிட்டோம். ஒரு கல்லக்கூட விட மாட்டேன்னு நீங்கதேன சொன்னீக? கோழி அடிச்சுக் கொழம்பு வச்சு, நல்ல எலும்பாப் பொறுக்கிப் போட்டேன். தின்னு முடிச்சுக் கை ஈரத்தக்கூடத் தொடைக்காம, எங் கண்ணு முன்னாடியே ரெண்டாங் கோட்டு அடிச்சீகளே தம்பி.”

“எங்க வீட்டுலயும்” என்றது ஒரு குரல். “அயிரை மீனு” என்றது இன்னொன்று.

“அக்கா, காக்கிறதுக்குத்தான் நான்…”

சோணை டம்ளரைக் கீழே வைத்தான். “சார், வெளிய பஸ் ரோடு போட்டாகல்ல, அப்ப குறுக்க இருந்த வீட்டுக்கெல்லாம் இதே எழுத்துத்தான் போட்டாக. இதே காவி, இம்புட்டுப் பெருசு. அதுல எங்க மாமன் வீடும் போச்சு. கா-ன்னா காலி. இந்த ஊருல பச்சப்புள்ளைக்கும் தெரியும்.”

துணை இயக்குநர் என் பக்கம் திரும்பினார். “நான் என்ன எழுதச் சொன்னேன்?”

“பி சார்.”

“நீ என்ன எழுதியிருக்கே?”

“கா சார். தமிழ்ல…”

அவர் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “அவங்ககிட்டச் சொல்லு” என்றார் மூடியபடியே.

சாவடிப் படியில் ஏறினேன். எவ்வளவோ நாளாகப் பேச ஆள் தேடியவனுக்கு ஊரே காது கொடுத்து நின்றது. எளிமையாக நாலு வார்த்தை போதும். எனக்கு வந்ததோ இது: “பெரியோர்களே, தொன்மைச் சிறப்பு மிக்க உங்கள் இல்லங்கள்…”

“என்ன மாப்ள சொல்றாரு?”

“தொண்டையில என்னமோ சிறப்பாம்.”

“அவருக்கென்ன, சிறப்பாத்தேன் எறங்குச்சு.”

“சார்” என்றான் சோணை, “பேச்செல்லாம் வேணாம். அந்த எழுத்து காலி இல்லைன்னா வேற என்னன்னு முழுசா எழுதிக் காட்டுங்க. படிச்சுக்கிறோம்.”

நியாயமாகப் பட்டது. கிடங்கு அறையிலிருந்து எடுத்துவந்த பெயின்ட் டப்பாவோடு பெரியகருப்பன் வீட்டுச் சுவரிடம் போனேன். ‘கா’ ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தில் ‘க்க’ சேர்த்தால் ‘காக்க’. தீர்ந்தது பிரச்சினை. பின்னால் ஊரே நிற்கிறது. ராக்கு அக்கா கையில் விளக்குமாறும் இருந்தது. அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதினேன். எழுதி முடித்து, பிரஷ்ஷை எடுக்கப் போன இடத்தில் அது சுவரில் இன்னொரு தரம் பட்டு, மேலே போய், வளைந்து, கீழே இறங்கி, சுத்தமாக ஒரு துணைக்கால் போட்டுவிட்டது.

சோணை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

“கா… க்… கா.”

எங்கேயோ ஒருத்தர் மூக்கால் சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொருத்தர்.

ராக்கு அக்கா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விளக்குமாறைக் கீழே போட்டாள். “அப்ப இம்புட்டு நாளும் காக்காய்க்குத்தேன் சோறு வச்சிருக்கோம்” என்றாள்.

மந்தை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. புளியமரத்தடியிலிருந்தும் வந்தது. நாயக்கர் காலத்துக்கு அப்புறம் அந்தச் சாவடி அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. ஊர் முழுக்க ஒன்றாகச் சிரித்தது. டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு, இப்போது முகத்துக்கு நேரே. நானும் சேர்ந்து சிரிக்கலாமா என்று ஒரு நொடி ஆசை வந்தது. பெரியகருப்பன் சிரிக்காமல் கோணிச்சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மற்ற வீட்டுக் கதவுகள் ஊரிலேயே இருந்தன. அன்று சாயந்தரத்துக்குள் மாட்டிவிட்டார்கள். (ஒன்றைத் தலைகீழாக.) அவர் கதவு மட்டும் முதல்நாளே வண்டியேறி அவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்கப் போனபோது சம்பந்தி, “கொடுத்தத வாங்கிக்கிட்டுப் போறதுக்கு இது என்ன எரவல் அண்டாவா? அறுத்து எங்க வீட்டு நெலைக்குத் தக்கன மாட்டியாச்சு” என்றாராம். அறுத்தது எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு திட்டம், ஒரு கதவு. இரண்டில் ஒன்றையாவது காப்பாற்றுவேன் என்று இருந்தேன்.

ஃபைல் மூடப்பட்டது. ‘காக்கத் தக்கவை பெரும்பாலும் கழற்றப்பட்ட நிலையில் உள்ளன’ என்று துணை இயக்குநர் கடைசி வரி எழுதினார். என்னை மதுரையிலேயே உட்கார வைத்து, சினிமா தியேட்டர்களின் வரைபடத்தில் கழிப்பறை போதுமா என்று பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அந்த மேஜைக்கு எதிரே நாற்காலி கிடையாது. மத்தியான வேளைகளில் அயிரை மீன் ஞாபகம் வரும். நல்லெண்ணத்தோடு போட்ட சோறில்லை என்று தெரிந்த பிறகும் வந்தது. அதுதான் வெட்கக்கேடு.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாயிற்று. சாந்தா பேசாமடந்தை. நானும் என் ஜோக்குகளையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டுப் பார்த்தேன். பல்லிகூட அவளைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டது. இரண்டு பேர் இருந்தும் ஒரு வீடு உரக் கிடங்கு மாதிரி இருக்க முடியும் என்று அப்போது தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, நான் வேலை பார்த்த ஊரைக் காட்டுகிறேன் என்று அவளை மேலமந்தைக்குக் கூட்டிப்போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டீக்கடையிலிருந்து சோணை எட்டிப் பார்த்தான். “ஏப்பா, காக்கா சார் வந்திருக்காரு. பொண்டாட்டியோட.”

அவ்வளவுதான். மந்தை மறுபடி காலியாகக் கிடந்தது. அதைத் தாண்டிப் போவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. பெரியகருப்பன் வீட்டில் இப்போது தகரக் கதவு. சுவரை வெள்ளையடித்திருந்தார்கள். ஆனால் காவிக்கு ஒரு குணம் உண்டு: எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மெல்ல மெல்ல மேலே வந்துவிடும். ‘காக்கா’ இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

ராக்கு அக்கா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இலை போட்டாள். ஒரு உருண்டை வெறுஞ்சோறு மட்டும் நடுவில் வைத்தாள். வாசல் பக்கம் திரும்பி, மேலே பார்த்து, “கா… கா…” என்று கூப்பிட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

பக்கத்தில் ஒரு சத்தம். சாந்தா. முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு, அது தடதடவென்று ஆட, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அன்றுதான் கல்யாணம் ஆனது என்று கணக்கு வைத்திருக்கிறேன். பெரியகருப்பன் பின்கட்டிலிருந்து வந்து பார்த்து, “குழம்ப ஊத்து புள்ள, பாவம்” என்றார். அவர் அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. கதவைப் பற்றி நானும் பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு என்னைப் பெயர் சொல்லியோ ‘என்னங்க’ என்றோ யாரும் கூப்பிட்டதில்லை. சாந்தா அடுக்களையிலிருந்து “கா, கா” என்பாள். நான் எழுந்து போவேன். வந்த விருந்தாளிகள் ஜன்னல் பக்கம் பார்ப்பார்கள். மகள் பேசக் கற்றபோது ‘அப்பா’ என்ற சொல்லுக்கு முன்னால் அதைத்தான் கற்றாள்.

சாந்தா போய் மூன்றாவது அமாவாசை இது. மகள் வெளியூரில். காலையில் நானே சோறு வடித்து, ஒரு உருண்டையை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு, “கா… கா…” என்று கூப்பிட்டேன். பழக்க தோஷம், கூப்பிட்டுவிட்டு எனக்கே உள்ளே போய் உட்காரத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொத்தத் தொடங்கியது.

கீழே போன் அடித்தது. மகள்.

“என்னப்பா, காக்கா சாப்பிட்டுச்சா?”

“சாப்பிட்டுச்சு.”

“எந்தக் காக்கா?”

“ரெண்டும்தான்.”

அந்தப் பக்கம் சிரித்தாள், அம்மா மாதிரியே. போனை வைத்துவிட்டு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.